நூலகத்தில் தூங்கியவர்

சித்தேரிப்பாக்கம் கிளை நூலகத்துக்கு இரண்டு வருஷத்துக்கு மேலாகத் தவறாமல் வந்துபோன ஒருவர் உண்டு. அப்போது அவர் உறுப்பினர்கூட இல்லை. ஒரு புத்தகம்கூட இரவல் எடுத்ததில்லை. பெயர் இம்மானுவேல். அங்கே அவர் வந்தது தூங்குவதற்கு.

கேட்டால் சிரிக்கத்தான் தோன்றும். அவரே சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தத் தூக்கம் கிடைக்காமல் போயிருந்தால் தன் வலது கால் இன்று இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான் என்றும் கூடவே சொல்வார்.

இம்மானுவேலின் அப்பா பாக்கியநாதன் ஊர்த்தெரு துளசிராமனின் கழனியில் நாற்று விட்டு, நடவு பார்த்து, அறுப்பு அறுத்து வாழ்ந்தவர். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்த பிறகு காலனிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழனியை விட்டு கம்பெனி வாசலுக்குப் போனார்கள். இம்மானுவேலும் பத்தாவது முடித்த கையோடு போனார். கட்டடத்துக்குக் கம்பி உருட்டும் ரோலிங் மில் ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை. பர்னஸ் உலையிலிருந்து செக்கச்செவேல் என்று வெளியே வரும் இரும்பு, உருளைகளுக்கு நடுவே புகுந்து புகுந்து மெலிந்து நீளமான கம்பியாக ஓடும். அது தடம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் ஆட்களில் அவர் ஒருவர். காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பெரும்பாலும் இரவு ஷிப்டுதான். ஊரே எழுந்து பல் விளக்கும் நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்து படுப்பார்.

படுப்பார் என்பதுதான் சரி, தூங்குவார் என்று சொல்ல முடியாது. வீடு ஒரே அறை, மேலே சிமெண்ட் ஷீட்டு. வெயில் ஏற ஏற அந்த அறையும் இன்னொரு பர்னஸாக மாறிவிடும். அந்த அறையிலேயேதான் மனைவி ஜெனிபரின் தையல் மெஷின். மெஷின் ஓடினால் அவர் தூங்க முடியாது. நின்றால் பகலெல்லாம் தைத்துக் கொடுக்க வேண்டிய பள்ளிக்கூட யூனிபார்ம் தேங்கிவிடும். கைக்குழந்தை வேறு. அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும்போதே ஜெனிபர் மெஷினை மெல்ல மெல்ல, திருடுகிறவளைப்போல மிதிப்பாள். அந்த மெல்லிய சத்தம் அவரை இன்னும் அதிகமாக வாட்டியது. தன் தூக்கத்துக்காக அவள் பயந்து பயந்து வேலை செய்கிறாள் என்கிற எண்ணத்தில் வந்த கொஞ்ச தூக்கமும் போய்விடும்.

ஒருநாள் வேலையில் நின்றபடியே கண் சொருகிவிட்டது. ஓடிக்கொண்டிருந்த கம்பி தடம் மாறி, பாம்பு சீறுவதுபோலத் துள்ளி வெளியே வந்தது. பக்கத்தில் நின்ற காலனி நண்பன் லோகு சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் அவ்வளவுதான்.

"இன்னாபா இது? தூங்கிட்டியா?" லோகு காலரை விடாமல் கத்தினான். "கொஞ்சம் லேட்டா இஸ்துருந்தா உன் காலு பூட்ருக்கும். ஊட்ல தூங்கவே மாட்டியா நீ?"

"எங்கடா தூங்குறது?" என்றார் இம்மானுவேல்.

அந்த வாரத்தில்தான் ரேஷன் கடைக்குப் போனார். கடை திறக்கவில்லை. பக்கத்துக் கட்டடம் நூலகம். காலனிக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவே, ஏரிக்கரைச் சாலையில் அது இருந்தது. பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு அவர் அதற்குள் கால் வைத்ததில்லை. கடை திறக்கும் வரை உட்காரலாம் என்று போய், தினசரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். தலைக்கு மேலே மின்விசிறி. கெட்டியான கான்கிரீட் கூரை. சுவரோரம் புத்தக அலமாரிகள் நின்றதால் வெளிச் சத்தம் உள்ளே வரவில்லை. முதல் செய்தியின் முதல் வரியைத் தாண்டினாரா என்பதே அவருக்கு நினைவில்லை.

"சார்… சார், பூட்டணும்."

கண் விழித்துப் பார்த்தால் நண்பகல். நூலகர் நர்மதா சாவியோடு நின்றிருந்தார். இம்மானுவேல் பதறி எழுந்தார். சட்டையைச் சரிசெய்தபடி, "மன்னிச்சுக்கோங்க மேடம், நைட் ஷிப்டு, தெரியாம கண்ணு அசந்துடுச்சு," என்றார்.

நர்மதா பொன்னேரியிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் மாறி மாறி வந்து போகிறவர். அவருடைய கணவருக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஷிப்டு வேலை. பகல் தூக்கம் என்றால் என்ன பாடு என்று வீட்டிலேயே பார்த்தவர்.

"நாளைக்கும் வாங்க," என்றார். "மேஜையில வாணாம், கழுத்து வலிக்கும். பின்னாடி ரூம்ல பழைய பேப்பர் கட்டு அடுக்கி வெச்சிருக்கேன், பக்கத்துல பெஞ்சு இருக்கு. குறட்டை விட்டா மட்டும் எழுப்பிடுவேன். இன்னொன்னு, இன்னைய பேப்பர மூஞ்சில போட்டுக்காதீங்க. அடுத்தவங்க படிக்கணும்ல?"

அவர் கேலி செய்கிறாரா என்று இம்மானுவேல் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. மறுநாள் போனார், அதற்கு மறுநாளும் போனார். சில வாரங்களில் அவருடைய முகமே மாறிவிட்டது என்று ஜெனிபர் சொன்னாள். இந்தப் பக்கம் வீட்டில் மெஷின் தயங்காமல் ஓடியது. வாங்கிய யூனிபார்ம் வேலையைச் சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தாள். அந்த நூலகம் தங்கள் குடும்பத்துக்கு இன்னொரு அறை கட்டிக் கொடுத்ததுபோல் ஆயிற்று என்று இருவரும் பேசிக்கொள்வார்கள்.

இது பிடிக்காத ஒருவனும் அங்கே இருந்தான், துளசிராமனின் மகன் அன்புசெல்வன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் இருந்தால் நெல் மூட்டை வண்டியேற்றும் இடத்துக்கோ மருந்துக் கடைக்கோ யாராவது அனுப்பிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் நூலகத்தில் வந்து உட்காருவான். பின்னறையிலிருந்து குறட்டை வந்தால் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவான். ஒருநாள் பொறுக்க முடியாமல் நர்மதாவிடம் சத்தமாகவே கேட்டுவிட்டான்.

"இது லைப்ரரியா லாட்ஜா, மேடம்?"

பின்னறையில் கண்ணை மூடிக் கிடந்த இம்மானுவேலின் காதில் அது விழுந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். அதற்குள் நர்மதாவின் குரல் கேட்டது.

"லைப்ரரிதான். நீ ஊட்ல படிக்க எடம் இல்லாம வர்ற, அவரு ஊட்ல தூங்க எடம் இல்லாம வர்றாரு. குறட்டை வந்தா நீயே போயி எழுப்பு. எனக்கு ரேக்கு அடுக்குற வேலை கெடக்கு."

அன்றிலிருந்து எழுப்புகிற வேலை அன்புசெல்வனுடையது ஆயிற்று. முதலில் கதவருகே நின்று, "இன்னாங்க," என்பான். பிறகு பெஞ்சைத் தட்டுவான். மழைக்காலம் முடிந்து வெயில் காலம் வருவதற்குள் தோளைத் தொட்டு, "ணா, சத்தம் வருதுணா," என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டான். இம்மானுவேல் ஷிப்டு முடிந்து பஸ் இறங்கும் இடத்தில் டீக்கடை ஒன்று உண்டு. காலை நாஷ்டாவுக்கு அங்கே போண்டா வாங்கும்போது இரண்டு சேர்த்து வாங்க ஆரம்பித்தார். அன்புசெல்வனின் நோட்டுக்குப் பக்கத்தில் பொட்டலத்தை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பின்னறைக்குப் போய்விடுவார். முதல் நாள் அவன் அதைத் தொடவில்லை. இரண்டாவது நாள் தின்றான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஸ்நேகா வந்தாள். சென்னையில் ஒரு கல்லூரியில் சமூகவியல் ஆய்வு செய்கிறவள். கிராமத்து நூலகங்களுக்கு யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள், அங்கே பழகுகிறவர்கள் வெளியிலும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்களா என்று திருவள்ளூர் மாவட்டம் முழுவதும் ஊர் ஊராகப் போய் விசாரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டு இம்மானுவேல் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் விழித்திருந்த அவருடைய கன்னத்தில் பெஞ்சின் பலகைத் தடம் அப்படியே இருந்தது.

"நீங்க இங்க எதுக்கு வர்றீங்க சார்?"

"படிக்கதாம்மா."

"கடைசியா என்ன படிச்சீங்க?"

இம்மானுவேல் அலமாரியைப் பார்த்தார், நர்மதாவைப் பார்த்தார், அன்புசெல்வனைப் பார்த்தார். அவன் நோட்டில் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"பொய் சொல்ல வரலம்மா எனக்கு," என்றார் கடைசியில். "தூங்க வர்றேன்."

ஸ்நேகா சிரிக்கவில்லை. வீட்டில் ஏன் தூங்க முடியவில்லை, எத்தனை பேர், கூரை எப்படி என்று பொறுமையாகக் கேட்டாள். அவரும் மெஷின் கதை வரை சொன்னார். பிறகு, "யார் எழுப்பி விடுவாங்க?" என்றாள்.

"அந்தத் தம்பிதான்."

"அவங்க வீட்டுக்கு நீங்க போயிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"அவர் உங்க வீட்டுக்கு?"

"இல்ல."

நோட்டில் குனிந்திருந்த அன்புசெல்வனின் பேனா நின்றுவிட்டது. இரண்டு தெருவுக்கும் நடுவே நடந்து போனால் ஒரு பீடி பிடித்து முடிக்கிற தூரம். அதை ஏன் ஒருவரும் தாண்டவில்லை என்று அந்தப் பெண் கேட்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போனாள். "ராத்திரி திடீர்னு வெள்ளம் வந்துச்சுன்னா, உங்க தெருவுக்கு வெளியில யாருக்கு போன் பண்ணுவீங்க?"

இம்மானுவேல் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தார். "அன்பு தம்பி நம்பர் எங்கிட்ட கீது. அவருக்குப் பண்ணுவேன்."

அவள் போன பிறகுதான் அவருக்குப் பயம் பிடித்தது. நூலகத்தில் ஆள் தூங்குகிறான் என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். மேலே போய்ச் சேர்ந்தால் நர்மதாவை யாராவது கேள்வி கேட்பார்கள். ஒருவேளை, தூங்குவதற்கு எதற்கு நூலகம் என்று மூடியே விடுவார்கள். தன் வாயால் இடத்தைக் கெடுத்துவிட்டோம் என்று தோன்றியது. அடுத்த நாள் அவர் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மறுபடியும் ஷீட்டு வீட்டில் புரண்டுகொண்டு கிடந்தார். ஜெனிபர் மறுபடியும் மெஷினை மெல்ல மிதிக்கத் தொடங்கினாள்.

அந்த வாரக் கடைசியில் வாசலில் பைக் சத்தம். எட்டிப் பார்த்தால் அன்புசெல்வன். காலனிக்குள் அவன் வந்தது அதுதான் முதல் தடவை என்பது, வழிநெடுக வீட்டு வாசலில் நின்று பார்த்தவர்களின் முகத்திலேயே தெரிந்தது.

"ஏன்ணா வரல? உடம்பு சரியில்லயா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அந்தப் பொண்ணு எழுதிக்கினு பூட்ச்சி. மேடத்துக்குப் பேஜாரு ஆயிடும்னு…"

"அட போங்கணா. அது ஆராய்ச்சிணா, போலீஸ் இல்ல. பேரு கூட எழுத மாட்டாங்களாம். மேடம்தான் போயி இட்டுக்கினு வான்னு அனுப்பிச்சாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "நீங்க இல்லாம எனக்கும் படிப்பு ஓட மாட்டேங்குது. ரூமே காலியா கீறாப்புல இருக்குது."

ஜெனிபர் டீ போட்டாள். இருக்கிற ஒரே நாற்காலியில் துணி குவிந்திருந்தது, அவசரமாக அதை எடுத்தாள். அதற்குள் அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்து டம்ளரை வாங்கிக் குடித்தான். சர்க்கரை அதிகம் என்று சொன்னான். அடுத்த முறை குறைத்துப் போடுகிறேன் என்றாள் ஜெனிபர். அடுத்த முறை என்ற சொல் எல்லாருக்கும் இயல்பாகவே இருந்தது.

அந்த வருஷம் டிசம்பரில் புயல் வந்தது. சென்னையை மிதக்க விட்ட அதே மழைதான். சித்தேரிப்பாக்கம் ஏரி நிரம்பி, விடிகாலையில் கரைச் சாலையின் மேலேயே தண்ணீர் ஓடியது. நைட் ஷிப்டு முடித்தவர்களை ஏற்றிவந்த கம்பெனி பஸ் சாலை தெரியாமல் ஊருக்கு வெளியே நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள். நூலகத்தைத் தாண்டும்போது இம்மானுவேல் நின்றார். கதவுக்குக் கீழே தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

லோகு, "வா, ஊட்டப் பாக்கலாம்," என்றான்.

"ஊட்ல தண்ணி ஏறல, இப்பதான் ஜெனிபர் போன் பண்ணா. இதைப் பாருடா. கீழ் ரேக்கு பூரா புஸ்தகம்."

அன்புசெல்வனுக்குப் போன் போட்டார். அவன் ஓடிவந்தான். ரயில் ஓடாததால் நர்மதா பொன்னேரியிலேயே மாட்டிக்கொண்டிருந்தார். போனிலேயே சொன்னார்: "பூட்ட உடைங்க. நான் பொறுப்பு. மொதல்ல கீழ் தட்டு, அப்புறம் நடுத்தட்டு. நனைஞ்சத தனியா வையுங்க."

உடைத்துத் திறந்தார்கள். ஆனால் எங்கே கொண்டுபோய் வைப்பது? பக்கத்தில் மேடான இடம் என்று இருந்தது காலனி சர்ச்சின் ஹால்தான். பாதர் உடனே திறந்துவிட்டார், திருவிழாவுக்கு வைத்திருந்த ஜெனரேட்டரையும் வெளியே எடுத்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கம்பெனி சட்டையோடு வரிசையாகத் தண்ணீரில் நின்றார்கள். கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகம் போயிற்று. ஊர்த்தெருப் பக்கமிருந்து துளசிராமன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார். கைமாற்றித் தூக்க முடியாத அலமாரிகளை அதில் ஏற்றி, நெல்லுக்குப் போர்த்தும் தார்ப்பாயை மேலே விரித்தார்கள். பத்து வருஷமாக இம்மானுவேலோடு ஒரு வார்த்தை பேசியிராத துளசிராமன், "பாக்கியநாதன் புள்ளதான நீ? அந்த முனையப் புடி," என்றார். அவர் பிடித்தார்.

புத்தகத்தைக் காப்பாற்றியாகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். நர்மதா போனில், இனிதான் வேலையே இருக்கிறது என்றார். நனைந்த புத்தகத்தை வெயிலில் போடக் கூடாது, அடுப்பருகே வைக்கக் கூடாது. நிமிர்த்தி வைத்து, சில பக்கங்களுக்கு ஒரு காகிதம் சொருகி, மின்விசிறிக் காற்றில் காய விட வேண்டும். காகிதம் ஈரமானால் மாற்ற வேண்டும். இல்லையென்றால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பூசணம் பிடிக்கும். பின்னறையின் பழைய பேப்பர் கட்டுகள் அலமாரி உச்சியில் இருந்ததால் நனையாமல் தப்பியிருந்தன. அவற்றைப் பிரித்தார்கள்.

அது ஓரிருவர் செய்து முடிக்கிற வேலையாக இல்லை. காலனிப் பெண்கள் வந்தார்கள். அன்புசெல்வன் ஊர்த்தெருவில் வீடு வீடாகச் சொல்ல, அங்கிருந்தும் சிலர் வந்தார்கள். அவனுடைய அம்மா குப்பம்மாள் ஹால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சிலுவையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஜெனிபர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். குழந்தைகளின் படக்கதைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இருவரும் பக்கம் பக்கமாகக் காகிதம் சொருகினார்கள். பிறகு குப்பம்மாள் சொன்னார்: "உன் மாமனாரு எங்க கயனில நாத்து வுட்டவரு. நல்ல கை அவருக்கு."

"தெரியும்மா. அவரு சொல்லிக் கேட்ருக்கேன்," என்றாள் ஜெனிபர். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஆனா ஒரு நாளு கூட உங்க ஊட்டு உள்ள வந்ததில்லன்னும் சொல்லுவாரு."

குப்பம்மாள் சொருகிக்கொண்டிருந்த காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டார். "நாங்க கூப்புடல," என்றார். "அதான் நெசம். வேற இன்னா சொல்றது?"

ஜெனிபர் காய்ந்த பேப்பர் கட்டு ஒன்றை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். இருவரும் மதியம் வரை சேர்ந்து புரட்டினார்கள்.

மறுநாள் இம்மானுவேலும் ஷிப்டு முடிந்து நேராக ஹாலுக்கே வந்தார். அவர் கைக்கு வந்தது அட்டை போன ஒரு பறவைப் புத்தகம். தலைப்பு தெரியவில்லை, எழுதியவர் பெயரும் இல்லை. ஈரம் காயக் காத்திருக்க வேண்டும், அதுவரை கண் சும்மா இருக்குமா? படித்தார். பழவேற்காட்டு ஏரிக்கு எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வருவதைப் பற்றி எழுதியிருந்தது. நாள்கணக்காகக் கடல்மேல் பறக்கும் சில பறவைகள் மூளையின் ஒரு பாதியைத் தூங்க விட்டு, மறு பாதி விழித்திருக்கப் பறந்துகொண்டே தூங்கும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"லோகு, இத்த கேளுடா. பறந்துக்கினே தூங்குதாம். நம்ம ஜாதிடா இது."

"அது தூங்கினா காலரப் புடிச்சு இழுக்க லோகு வாணாம்," என்றான் லோகு. ஹாலே சிரித்தது. ஜெனிபர் மட்டும், "படிச்சது போதும், போயி படுங்க," என்று அதட்டினாள். அவர் அன்று அந்தப் புத்தகத்தை முடித்துவிட்டுத்தான் படுத்தார்.

எல்லாப் புத்தகமும் பிழைக்கவில்லை. நல்ல பளபளப்புத் தாளில் அச்சடித்தவை கல்லாக ஒட்டிப்போயின. தேர்வுப் புத்தகங்கள் பல போயின, அன்புசெல்வனுக்கு அதில் வருத்தம். ஆனாலும் பெரும்பாலானவை தேறின. ரயில் ஓடத் தொடங்கி நர்மதா வந்து பார்த்தபோது ஹால் முழுக்க வரிசை வரிசையாகப் புத்தகங்கள் விரித்து நின்றன. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்து காகிதம் மாற்றத் தொடங்கினார்.

அடுத்த சிக்கல் கட்டடம். வந்து பார்த்த இன்ஜினியர், தரை சாலையைவிடப் பள்ளத்தில் இருக்கிறது, அடுத்த மழைக்கும் தண்ணீர் வரும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். தரையை உயர்த்தும் வரை புத்தகங்களைப் பெரிய ஊருக்குக் கொண்டுபோய் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. வேறு இடம் தரலாம் என்றால் அதிலும் இழுபறி. ஊர்த்தெருவில் ஓர் இடம் இருக்கிறது என்றார் ஒருவர். சர்ச் ஹாலிலேயே இருக்கட்டும் என்றார் இன்னொருவர். ஊராட்சி அலுவலகத்தில் நடந்த அந்தக் கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாத இம்மானுவேல் கடைசி வரிசையிலிருந்து எழுந்தார்.

"அங்க வெச்சா நாங்க வர யோசிப்போம். எங்க பக்கம் வெச்சா அவங்க யோசிப்பாங்க. நடுவுல இருந்ததாலதான் நானும் அன்பு தம்பியும் சேந்து ஒக்காந்தோம். அதே எடத்துல தரைய ஒசத்திடலாங்க. கொத்தனாரு எங்க தெருவுல இருக்காங்க. ஞாயித்துக்கெழம எல்லாம் நானும் வர்றேன்."

துளசிராமன் முன்வரிசையிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "மண்ணும் டிராக்டரும் நான் தரேன்."

சிமெண்ட் ஊராட்சி தந்தது. கோடை வருவதற்குள் தரை உயர்ந்துவிட்டது. எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலிருந்து தண்ணீர் எடுப்பது என்று வாய்த்தகராறு வந்து இரண்டு பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதில் ஒருவர் திரும்பி வந்தார், மற்றவர் வரவில்லை. பின்னறைக்கு மேலே வெயில் தாங்கும் வெள்ளைப் பூச்சு பூச வேண்டும் என்று சொன்னவன் லோகு. பூசியவனும் அவனே.

புதிய தரையில் அலமாரிகள் ஏறிய பிறகு ஸ்நேகா மறுபடியும் வந்தாள். தான் கேள்வி கேட்டவர்களிடம், என்ன தெரிந்தது என்று திரும்ப வந்து சொல்ல வேண்டும் என்பது அவளுடைய பழக்கம். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறதோ என்று இம்மானுவேல் பின்வரிசையில் உட்கார்ந்தார்.

"நூலகம் இருந்தாலே ஊர் ஒத்துமையாயிடும்னு எங்களால சொல்ல முடியல," என்று அவள் வெளிப்படையாகவே ஆரம்பித்தாள். "சில ஊர்ல நூலகம் இருக்கு, யாரும் யாரோடயும் பேசறதில்ல. புத்தகம் எடுத்துக்கிட்டு உடனே போயிடறாங்க. ஆனா ஒண்ணு கவனிச்சோம். ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருக்க விடுற இடத்துல ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் பழகிடறாங்க. வெள்ளம் வந்தா யாருக்குப் போன் பண்ணுவீங்கன்னு எல்லா ஊர்லயும் கேட்டேன். தன் தெருவுக்கு வெளியில ஒரு பேர் சொன்னவங்க கொஞ்சம் பேர்தான். இந்த ஊர்ல அப்படிச் சொன்னவங்க எல்லாரும் இந்த ரூம்ல உக்காந்தவங்க."

பிறகு அவரைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். "எதுக்கு வர்றீங்கன்னு கேட்டா எல்லாரும் படிக்கன்னுதான் சொன்னாங்க. ஒருத்தர் உண்மையச் சொன்னார். அதுக்கப்புறம்தான் ஓய்வெடுக்கவான்னு ஒரு கேள்விய நாங்க சேத்தோம். ஆமான்னு நிறைய பேர் சொன்னாங்க. வயலுக்குப் போயிட்டு வர்ற பெண்கள்கூட."

எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். இம்மானுவேலுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இடத்தைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்து நாள்கணக்காகப் புழுங்கியது நினைவுக்கு வந்தது. அப்படி ஒன்றும் இல்லை என்று வீடு தேடி வந்து சொன்னவனைத் திரும்பிப் பார்த்தார். அன்புசெல்வன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

அன்புசெல்வன் அந்த வருஷத் தேர்வில் தேறவில்லை. கொஞ்சத்தில் போய்விட்டது. இன்னும் படிக்கிறான். இம்மானுவேலுக்கு இன்னும் நைட் ஷிப்டுதான். ஆனால் நூலகத்தில் உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டார். மாதத்துக்கு ஒரு புத்தகம்தான், பெரும்பாலும் பறவை, கடல், கப்பல். பெரிய படிப்பாளி ஆகிவிட்டதாக அவர் சொல்லிக்கொள்வதில்லை. அன்று கைக்குழந்தையாக இருந்த மகள் சுகிர்தாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். அவளுக்குத் தூக்கம் வந்துவிடும்.

சென்ற ஆண்டு நர்மதாவுக்கு மாறுதல் வந்தது. கணவர் வேலைக்குப் பக்கத்தில், அவர் கேட்டிருந்த இடம்தான். கடைசி நாள் ஊர்த்தெருவிலிருந்து குப்பம்மாள் பொங்கல் செய்து எடுத்துவந்தார். ஜெனிபர் தன் கையால் தைத்த ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். ஒவ்வொருவராக ஏதோ பேசினார்கள். இம்மானுவேல் முறை வந்தது. பஸ்ஸில் வரும்போதே சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தார். கால் தப்பியது, மெஷின் ஓடியது, இந்த ஊர்க்காரர்கள் ஒரே பாயில் உட்கார்ந்தது என்று. எழுந்து நின்றதும் எல்லாம் கலைந்துவிட்டது.

"மேடம்," என்றார். "நல்லா தூங்குனேன் மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. நர்மதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது போதும் எனக்கு," என்றார்.

அவருடைய இரண்டு அட்டைப் பெட்டிகளை இம்மானுவேலும் அன்புசெல்வனும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனார்கள். கவரைப்பேட்டை பஸ் வந்தது. பெட்டிகளை உள்ளே ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். பஸ் போன பிறகும் அன்புசெல்வன் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வா தம்பி, டீ சாப்புடலாம்," என்றார் இம்மானுவேல். "புதுசா வர்ற மேடத்துக்கு நம்மளப் பத்தி நாமதான் சொல்லணும். இன்னா சொல்றதுன்னு யோசிப்போம்."